முகத்தைக் கடைசியில் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

குடும்பத்துப் பழைய பெட்டி ஒன்றில் அட்டையில் ஒட்டிய சிறிய பழுப்புநிறப் புகைப்படம் கிடைத்தது. அட்டை நான்கு அங்குல உயரம், இரண்டரை அங்குல அகலம். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கவுன் போட்ட குழந்தை நிற்கிறது. பின்பக்கம் நீலநிற பால்பாயின்ட் பேனாவில் 'பெரிய பாட்டியும் மகளும், 1850' என்று எழுதியிருக்கிறது. பாட்டியின் கண்ணும் தாடையும் அப்படியே என் அம்மா. கைபேசிச் செயலி ஒன்றும் இரண்டு முகங்களும் ஒத்துப்போவதாகச் சொல்கிறது. ஆனால் குழந்தையின் காலுக்குப் பின்னால் ஏதோ இரும்புத் தாங்கியின் அடிப்பகுதி தெரிகிறது. இறந்த குழந்தையை நிறுத்திவைத்து எடுத்த படம் அது என்கிறார் உறவினர் ஒருவர். அப்படியும் இருக்குமா? 1850 என்பதை நம்பலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடலாம். குழந்தை உயிரோடுதான் நின்றது. அன்றைக்குப் படம் பதிய சில விநாடிகள் ஆகும். அதுவரை தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஒரு தாங்கியை நிறுத்துவார்கள். லேசாகச் சாய்ந்துகொள்ளத்தான் அது உதவும், ஓர் உடலின் முழுக் கனத்தையும் தூக்கி நிறுத்தாது. இறந்தவர்களைப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது உண்மைதான். பெரும்பாலும் படுக்கவைத்து எடுத்தார்கள், குழந்தை என்றால் மடியில் வைத்தும் எடுத்தார்கள். தாங்கி தெரிகிறது என்றால், ஆள் அசைந்துவிடுவார் என்று புகைப்படக்காரர் கவலைப்பட்டிருக்கிறார் என்று பொருள். இறந்தவர் அசைவதில்லையே!

சரி, 1850க்கு வருவோம். நீங்கள் சொல்லும் அளவு 'கார்ட் டி விசிட்' எனப்பட்ட விசிட்டிங் கார்டு அளவுப் படத்துடையது. டிஸ்டேரி என்பவர் பாரிசில் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1854இல். அது பெரிய மோகமாகப் பரவியது 1860ஐ ஒட்டி. ஆக, உங்கள் கையிலிருக்கும் அட்டை 1850இல் உருவாகியிருக்க முடியாது. அந்த எழுத்தைப் பாருங்கள், பால்பாயின்ட் பேனா பரவலாக விற்பனைக்கு வந்ததே 1940களின் நடுவில்தான். படம் எடுத்துப் பல பத்து வருடம் கழித்து, யாரோ கேள்விப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். அதற்காகத் தூக்கியெறிய வேண்டாம். செவிவழிச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையின் முனைகள் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. கூர்முனையும் மெல்லிய அட்டையும் என்றால் பெரும்பாலும் 1860கள். முனையை வளைத்து வெட்டியிருந்தால் 1870ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. பின்பக்கம் ஸ்டூடியோ தன் பதக்கங்களை அச்சிட்டிருந்தால், அவற்றில் உள்ள கடைசி ஆண்டுக்கு முன்னால் அந்த அட்டை அச்சாகியிருக்காது. அமெரிக்கப் படமாக இருந்து, வரி கட்டியதற்கான ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் வேலை இன்னும் சுலபம். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அந்த வரி 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரைதான் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அட்டையின் வயதும் படத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1850இல் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த டாகுரோடைப்பைப் பத்து வருடம் கழித்து ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதப் பிரதி போட்டுக்கொள்வது சாதாரணம். அப்படியானால் உங்கள் வீட்டுப் பேனாக்காரர் சொன்னதே சரியாகலாம். பழைய சட்டத்தின் விளிம்போ கீறலோ படத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். இடவல மாற்றத்தையும் பாருங்கள். டாகுரோடைப்பும் இரும்புத் தகட்டு டின்டைப்பும் பொதுவாகக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறியே பதியும், அதைப் பிரதி எடுத்தாலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பில்லி த கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரரை இடக்கைக்காரர் என்று உலகம் வெகுகாலம் நம்பியது இதனால்தான். டின்டைப்பில் அவருடைய கைத்துப்பாக்கி இடது இடுப்பில் தொங்குகிறது. கூடவே அவர் பிடித்திருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் வலப்பக்கம் மட்டுமே உண்டு, படத்திலோ அது இடப்பக்கம் தெரிகிறது. துப்பாக்கி உண்மையைச் சொல்லிவிட்டது.

'மகள்' என்பதிலும் எனக்குச் சந்தேகம். அந்தக் கால ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சின்னப் பையன்களுக்கும் கவுன்தான். நடு வகிடு என்றால் பெண், பக்க வகிடு என்றால் பையன் என்பார்கள். விதிவிலக்கு நிறைய உண்டு, ஆனாலும் பாருங்கள். பெண்களின் உடையில் கைப்பகுதி தோளருகே பலூன் போல உப்பியிருந்தால் 1890களின் நடுப்பகுதி என்பது போன்ற பட்டியல்களும் கிடைக்கும். பாரிஸ், லண்டன் நாகரிகத்தைப் பின்பற்றியவர்களுக்கு மட்டும்தான் அவை பொருந்தும். அதிலும் வயதானவர்கள் பத்து வருடப் பழைய உடையோடு வந்து உட்காருவார்கள்.

அப்புறம் அந்த முகச்சாயல். இதை நான் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் இறந்துகிடந்த ஒரு சிப்பாயிடம் பெயர் தெரிய எதுவும் இல்லை. மூன்று குழந்தைகளின் கண்ணாடித் தகட்டுப் படம் ஒன்று மட்டும் இருந்தது. அன்றைய செய்தித்தாள்களால் புகைப்படத்தை அப்படியே அச்சிட முடியாது. ஆகவே அக்டோபரில் பிலடெல்பியா பத்திரிகை ஒன்று படத்தை வார்த்தையால் விவரித்தது: குழந்தைகளின் வயது, உட்கார்ந்த வரிசை, மூத்த பையனின் மேல்சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணி என்பது. அந்த விவரம் வேறு பத்திரிகைகளுக்கும் பரவி, நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரான போர்ட்வில்லில் ஒரு பெண்ணின் கண்ணில் பட்டது. அவர் தரப்பிலிருந்து கடிதம் போனது, படத்தின் பிரதி வந்தது. தன் பிள்ளைகள்தான். சிப்பாயின் பெயர் ஏமஸ் ஹியூமிஸ்டன் என்று அப்படித்தான் தெரிந்தது.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தாய் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு முகத்தை உறுதிசெய்தவரும் பெற்றவர். நீங்களோ நானோ பாட்டியைப் பார்த்ததே இல்லை. நம்மிடம் இருப்பது ஜாடை மட்டும், அது பாட்டியின் தங்கைக்கும் அத்தை மகளுக்கும் இருந்திருக்கும். செயலிக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

அட்டையின் இரண்டு பக்கத்தையும், பக்கவாட்டில் தடிமன் தெரியும்படியும் படமெடுத்து அனுப்புங்கள். நீங்கள் ஏதாவது குறிப்பதானால் தனித்தாளில் குறியுங்கள், அட்டையில் வேண்டாம். அதற்குமுன் அந்த நீல எழுத்தை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் காட்டி, யாருடைய கையெழுத்து என்று கேளுங்கள். அதை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருப்பார்கள்.