வற்றாப்பளைப் படங்கள் அச்சில் ஏன் வெளிறின?

வணக்கம். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் எடுத்த படங்கள் கணினியில் செக்கச்செவேலெனத் தெரிந்தும், கிளிநொச்சியில் அச்சிட்டபோது சோகை பிடித்தவைபோல் வந்ததாக எழுதியிருந்தீர்கள். கோப்பிலுள்ள எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று சொல்லும் வரையறையே நிறவெளி; அடோபி ஆர்ஜிபி அகன்ற நிறவெளி, எஸ்ஆர்ஜிபி அதைவிடக் குறுகிய, பொதுவான நிறவெளி. அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கோப்பின் எண்களை, எந்த நிறவெளி என்று அதனுள் இருக்கும் நிறக்குறிப்பைப் படிக்காத அச்சு இயந்திரம் எஸ்ஆர்ஜிபி எண்களாகவே எடுத்துக்கொண்டால் நிறங்கள் இப்படித்தான் வெளிறும். பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும் என்பதால், கமெராவையோ கடைக்காரரையோ குறை சொல்ல வேண்டியதில்லை.

கமெரா பதிவுசெய்த மூல ரோ (RAW) கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, திருத்தங்களை நிறப்படிகள் மிக அதிகமுள்ள 16 பிட் டிஃப் (TIFF) கோப்பில் செய்து, அச்சுக்கும் முகநூலுக்கும் கொடுக்கும் பிரதியை மட்டும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி ஜேபெக்காக (JPEG) சேமியுங்கள். ஃபோட்டோஷொப்பில் இதற்குக் 'கன்வேர்ட்' கட்டளையையே பயன்படுத்த வேண்டும். 'அசைன்' கட்டளை எண்களை அப்படியே விட்டுப் பெயரை மட்டும் மாற்றுவதால் வெளிறல் படத்திலேயே தங்கிவிடும். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உள்ளமையால், அதன்மேல் கடுமையாகத் திருத்தினால் கோவிலுக்கு அருகிலுள்ள நந்திக்கடல் களப்பின் மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரியும்.