தூரக் குதிரைச் சவாரி: வேகக் கணக்கு கேள்வி பதில் (கேட்டவங்க ஊர்ப் பெயரோட; வேகம் எல்லாம் மணிக்கு கி.மீ.)

நானுஓயா: அண்ணே, அமெரிக்காவில நடக்கிற டெவிஸ் கப் தூரச் சவாரிப் போட்டியில 160 கி.மீ.க்கு 24 மணித்தியாலம் குடுக்கிறாங்க. மணிக்கு 6.7தான் வருது. 40 கி.மீ. சவாரியில 15, 16 போறாங்களே?

தம்பி, அந்த 24க்குள்ள ஒவ்வொரு மணித்தியாலமா ரெண்டு கட்டாய ஓய்வும் இருக்கு. 22ஆல வகுத்தா 7.3. அதுவும் கடைசியா வர்றவருக்கான எல்லை. ஜெயிக்கிற குதிரையோட வேகம் இல்ல. சர்வதேசப் போட்டியில ஓய்வைக் கழிச்சிட்டுத்தான் வேகம் போடுவாங்க. ஆனா கடைசிச் சுற்றைத் தவிர மத்த சுற்றுகளை முடிச்ச உடனே கடிகாரம் நிக்காது. இதயத் துடிப்பு நிமிசத்துக்கு 64க்கு இறங்கி, மிருக வைத்தியர்கிட்ட குதிரையைக் கொண்டுபோய் விடுற வரைக்கும் ஓடும். 20 கி.மீ.யை 16 வேகத்துல ஓடினா 75 நிமிசம். துடிப்பு இறங்க 10 நிமிசம் போச்சுன்னா 14.1தான். 15 வேகத்துல வந்து 3 நிமிசத்துல இறங்கின குதிரைக்கு 14.5. மெதுவா வந்ததுதான் முன்னுக்கு நிக்குது.

ஹட்டன்: முதல் 20 கி.மீ. 20 வேகம், அடுத்த 20 கி.மீ. 10 வேகம். சராசரி 15 சரியா?

பிழை. 1 மணி, 2 மணி, மொத்தம் 3 மணியில 40 கி.மீ. 13.3.

ஹட்டன்: இருபதையும் பத்தையும் கூட்டி ரெண்டால வகுத்தா 15தானே ஐயா?

தூரம் சமமா இருந்தா அப்படி வகுக்கக் கூடாது.

பண்டாரவளை: நேரம் சமமா இருந்தா 15 வரும். அவர் சொல்றதும் சரிதானே?

நேரம் சமமா இருந்தா வரும், தங்கச்சி. ஆனா மலையில நேரம் ஒருநாளும் சமமா இருக்காது. ஏத்தம்தான் நேரத்தைத் தின்னும். 10 கி.மீ. ஏத்தத்தை 8 வேகத்துல ஏறினா 75 நிமிசம். ஏறி இறங்குற 20 கி.மீ.க்கும் சராசரி 16 வேணும்னா மொத்த நேரமே 75 நிமிசம்தான். இறங்க ஒரு நிமிசமும் மிச்சமில்ல. இது விளங்காம இறக்கத்துல விரட்டித்தான் முன்னங்கால் தசைநாரைக் கெடுக்கிறாங்க. தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டுல செங்குத்தா இறங்குற இடத்துல சேணத்தை விட்டு இறங்கி, குதிரையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க.

தலவாக்கலை: 80 கி.மீ.க்கு என்ன வேகம்?

மேல இருக்கிற பதிலைப் பாருங்க. பாதையோட ஏத்த இறக்கம் தெரியாம எண் சொல்ல முடியாது.

நுவரெலியா: ரேஸ் குதிரை 60ல போகுதே?

ஓரிரு நிமிசத்துக்கு. அதுக்கு மேல தசையில லாக்டிக் அமிலம் சேர்ந்திடும். தூரச் சவாரி ட்ரொட்டுலயும் (மெல்லோட்டம்) மெதுவான கென்டர்லயும்தான் (ட்ரொட்டை விட வேகம், முழுப் பாய்ச்சலை விடக் குறைவு) நடக்கும்.

அம்பேவல: இங்க குளிர்தானே, வேகத்தைக் கூட்டலாமா?

குளிர் உதவும். ஆனா குளிர்ல குதிரை தண்ணி குறைவாத்தான் குடிக்கும். வியர்வையில உப்பு போறது நிக்காது. ஒவ்வொரு ஓடையிலயும் நிறுத்தி, குடிக்க நேரம் குடுங்க.

வெலிமடை: 60 கி.மீ.க்கு என்ன வேகம்?

தலவாக்கலைக்காரருக்குச் சொன்னதேதான். இறக்கத்துல இறங்கி நடங்க.

ராகலை: கருவி இல்லாம துடிப்பு பார்க்கலாமா?

ஸ்டெதஸ்கோப் ஒண்ணு போதும். குதிரையோட இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால வச்சு, 'லப்-டப்' ரெண்டையும் சேர்த்து ஒண்ணா எண்ணுங்க. 15 செக்கனுக்கு 16 வந்தா 64. அதைத் தாண்டினா கழுத்துலயும் நெஞ்சுலயும் தண்ணி ஊத்தி, வழிச்செடுத்து, மறுபடி ஊத்துங்க. ரெண்டு நிமிசம் கழிச்சு எண்ணுங்க.