கர்ப்பப்பைப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டால் இனி சிகிச்சை உண்டா?

உங்கள் அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு கர்ப்பப்பையை எடுத்தார்கள், இப்போது இடுப்பெலும்பில் பரவியிருப்பதாகச் சொல்கிறார்கள், "எலும்புக்கு வந்துட்டா அவ்வளவுதான்" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார் என எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. என் அம்மாவுக்கும் இதே நோய்தான், கர்ப்பப்பை வாயில் வருவதல்ல, உட்சுவரில் வருவது. பரவியது இடது தொடையெலும்பில்.

எங்களுக்கு முதலில் சந்தேகமே வரவில்லை. மூட்டுத் தேய்மானம் என்று வலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். படுக்கையில் புரள வேண்டுமென்றால் அம்மா இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, பிறகுதான் உடம்பைத் திருப்புவார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தேய்மான வலி பெரும்பாலும் படுத்தால் குறையும்; இதுவோ ராத்திரியில்தான் ஏறியது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியுமாம். எம்ஆர்ஐ எடுத்ததும் பளிச்சென்று தெரிந்தது. இந்த நோய் வழக்கமாகப் பரவுவது நிணநீர்க் கணுக்கள், வயிற்றறை, நுரையீரல் போன்ற இடங்களுக்குத்தான். எலும்புக்குப் போவது அபூர்வம், அதனால் மருத்துவர்களுக்கே சட்டென்று தோன்றுவதில்லை.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். எலும்பைக் காப்பாற்றுவது ஒரு வேலை, நோயை அடக்குவது வேறு வேலை. இரண்டும் ஒன்றென்று நினைத்து நாங்கள் கீமோவுக்காகவே காத்திருந்தோம், அது தப்பு. எலும்பு மருத்துவர் முதலில் கேட்டது, "காலை ஊன்றும்போது வலிக்கிறதா?" என்றுதான். ஊன்றும்போது வலித்தால் முறியும் ஆபத்து அதிகம். முறிவதற்கு முன்பே தொடையெலும்புக்குள் நீளமான உலோகத் தண்டு ஒன்றைச் செருகினார்கள். காயம் ஆறியதும் ரேடியேஷன்.

உங்கள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு என்பதால் அறுவை தேவைப்படாமல் ரேடியேஷனோடு நிற்கலாம். வலிக்காகத் தரும்போது ஒரே நாளில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்பதும் உண்டு, பத்து நாட்களில் 30 கிரே கொடுப்பதும் உண்டு. வலியைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே தடவை கொடுத்தவர்களுக்குப் பின்னால் மறுபடி தேவைப்படும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். கொடுத்த முதல் இரண்டு மூன்று நாட்களில் வலி கூடலாம், பயந்துவிடாதீர்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு வாரம்கூட ஆகும். பரவல் ஓரிரு இடங்களில் மட்டும்தான் என்றால், அந்த இடத்தைக் குறிவைத்து அதிக அளவில் கொடுக்கும் துல்லியக் கதிர்வீச்சு பொருந்துமா என்றும் கேளுங்கள்.

எலும்பு கரைவதைத் தடுக்க சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸாகவோ, டெனோசுமாப் ஊசியாகவோ போடுவார்கள். அதற்கு முன்னால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கிவிட வேண்டும். இந்த ஊசி போட ஆரம்பித்த பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, ஊசி போட வந்த நர்ஸ் கேட்டதால் தப்பித்தோம்.

அடுத்து நோயை அடக்கும் மருந்து. எலும்பில் இருந்தாலும் அது எலும்புப் புற்றுநோய் அல்ல, கர்ப்பப்பையிலிருந்து போன செல்கள்தான். ஆகவே மருந்தும் அதற்கானதே: கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகள், கூடவே இப்போது பெம்ப்ரோலிசுமாப் அல்லது டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் மருந்து. செல்லின் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்எம்ஆர் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவர்களுக்கு இம்யூனோதெரபி நன்றாகவே வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்கள் வந்து ஒட்டும் ஏற்பிகள் செல்களில் உள்ள, மெதுவாக வளரும் வகை என்றால் ஹார்மோன் மாத்திரையே சில காலம் தாக்குப்பிடிக்கும். இந்தப் பரிசோதனைகளை முதல் அறுவையின்போது எடுத்த திசுவிலேயே செய்யலாம். அதை மெழுகில் பதித்து மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அம்மாவுடையதை வாங்கப் போனபோது கையில் கொடுத்தார்கள்: தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், நடுவே மெழுகு, அதற்குள் நகத்தளவு சதை. அதை வைத்துத்தான் அடுத்த மருந்தையே முடிவு செய்தார்கள். புதிய இடத்தில் பயாப்ஸி (சோதனைக்குச் சிறு திசு) எடுக்கச் சொன்னாலும் மறுக்காதீர்கள்.

வலிக்கு மார்பின் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோரும் பின்வாங்கினோம். கடைசி நேரத்து மருந்து என்று நினைப்பு. அப்படியெல்லாம் இல்லை. சரியான அளவில் கொடுத்ததும் அம்மா பல வாரம் கழித்துத் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினார். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துக் கேளுங்கள்.

உறவினர் சொன்னதற்கு வருகிறேன். முழுக்கக் குணமாகும் என்று நான் சொன்னால் அது பொய். பெரும்பாலும் கட்டுக்குள் வைப்பதுதான் நோக்கம். ஆனால் "அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிட்டால், நடக்கக் கூடியவரையும் படுக்கையில் போட்டுவிடுவோம்.

இதை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முதுகில் புதிதாக வலி வந்து கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, போவதே தெரியாமல் போனாலோ, தண்டுவடம் அழுந்துகிறது என்று பொருள் இருக்கலாம். அளவுக்கு மீறிய தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.