நான் போகாத வழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

இளங்கலை ஆங்கில வகுப்பில் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதையை நடத்துகிறேன். காட்டில் பிரியும் இரண்டு பாதைகளும் வாழ்க்கைத் தேர்வுகளின் குறியீடு, அதிகம் பேர் போகாத பாதையைத் துணிந்து எடுத்தவன் வென்றான் என்றுதான் எல்லா விடைத்தாள்களிலும் இருக்கிறது. ஒரு மாணவி மட்டும், "இரண்டும் ஒரே மாதிரி இருந்ததாக நடுவில் வருகிறதே மேடம்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சரியாக விளக்க வரவில்லை. கவிதையைத் தமிழில் மொழிபெயர்த்து வரச் சொல்லியிருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்கச் சொல்ல வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த மாணவி முழுக் கவிதையையும் படித்திருக்கிறாள். மற்றவர்கள் கடைசி மூன்று வரியோடு சரி.

கவிதையில் மொத்தம் 20 வரிகள். முதலில் வரிகளுக்கு எண் போடச் சொல்லுங்கள். சிக்கல் இருப்பது 6 முதல் 12 வரை. இரண்டாவது பாதையும் முதல் பாதையைப் போலவே அழகானது என்கிறது 6ஆம் வரி. 7இல் 'ஒருவேளை' இதற்கு உரிமை சற்று அதிகம் என்கிறான் கவிதை சொல்பவன். 8இல் அதற்குக் காரணம்: புல் மண்டிக் கிடக்கிறது, ஆள் நடமாட்டம் வேண்டும் போலிருக்கிறது. சொன்ன வாய் மூடவில்லை, 9, 10இல் அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறான்: உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன. 11, 12இல் இன்னொரு முறை: அன்று காலை இரண்டிலும் மிதிபட்டுக் கறுக்காத இலைகளே ஒன்றுபோலக் கிடந்தன.

அப்படியானால் 'அதிகம் பேர் போகாத பாதை' எங்கிருந்து வந்தது? 16ஆம் வரியில் வினை எதிர்காலத்துக்குத் தாவுகிறது. 'பல காலம் கழித்து எங்கோ ஓரிடத்தில் இதைப் பெருமூச்சோடு சொல்லிக்கொண்டிருப்பேன்' என்கிறான். 17 முக்காற்புள்ளியில் முடிகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவன் பிற்காலத்தில் சொல்லப்போகும் கதை. முதல் வரியையும் 18ஆம் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் 'மஞ்சள் காடு', கடைசியில் வெறும் 'காடு'. நிறம் போய்விட்டது, பாதைக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. கதை சொல்லச் சொல்ல மாறும் என்பது சொல்பவனுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது. பிரியும் பாதை தேர்வின் குறியீடு என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் தேர்வுக்குப் பின்னால் நாம் கற்பிக்கும் காரணத்தைத்தான் ஃப்ராஸ்ட் குறிவைக்கிறார். கையேடுகள் தொடாத இடம் அது.

இனி மொழிபெயர்ப்பு. 'சாலை' என்று தொடங்கினால் 8ஆம் வரியிலேயே மாட்டிக்கொள்வார்கள். புல் முளைக்கும் காட்டுவழி அது. மஞ்சள் என்றதும் நமக்கு மங்கலம் நினைவுக்கு வரும். இங்கே அது உதிரப்போகும் இலைகளின் நிறம். 'யாரும் போகாத' என்று எழுதவே கூடாது, மூலத்தில் இருப்பது 'குறைவாகப் போன'. 7ஆம் வரியின் 'ஒருவேளை'யை ஓசைக்காக வெட்டினால் அடுத்து வரும் பின்வாங்கல் புரியாமல் போகும்.

பெருமூச்சு இன்னும் கடினம். ஆங்கிலச் சொல் வருத்தத்துக்கும் பொருந்தும், 'அப்பாடா' என்ற நிம்மதிக்கும் பொருந்தும். தமிழில் பெருமூச்சு துக்கத்தின் பக்கம் சாயும். 'ஏக்கத்துடன்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள், கதவு முழுக்க அடைபட்டுவிடும். கடைசி வரியும் அப்படித்தான். 'என் வாழ்வையே உயர்த்தியது' என்று போடுவார்கள். மூலத்தில் 'எல்லா வித்தியாசமும் அதனால்தான்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை.

மாணவர்கள் கட்டாயம் தவறவிடப்போவது 18ஆம் வரியின் முடிவு. 'நான்' என்று நிறுத்தி, ஒரு கோடு போட்டு, அடுத்த வரியை மறுபடி 'நான்' என்று தொடங்குகிறார். தமிழில் 'எடுத்தேன்' என்றாலே நான் அதற்குள் இருப்பதால் ஒன்றை, சில சமயம் இரண்டையுமே விட்டுவிடுவோம். அந்தத் தடுமாற்றத்தில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறான். இரண்டும் இருக்கட்டும்.

பின்னணியும் கொஞ்சம் உதவும். 1914இல் ஃப்ராஸ்ட் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் இருந்தபோது எழுத்தாளர் எட்வர்ட் தாமஸுடன் நெடுநடை போவார். ஒரு வழியில் கூட்டிப்போய்விட்டு, வேறு வழியில் போயிருக்கலாமே என்று வருந்துவது தாமஸின் வழக்கம். அந்த நண்பரைச் சீண்டத்தான் கவிதை. அச்சாகும் முன்பே அதைப் படித்த தாமஸோ சீண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கவிதை 1915 ஆகஸ்டில் 'அட்லாண்டிக் மன்த்லி'யில் வந்தது. அதற்கு முந்தைய மாதம் தாமஸ் முதல் உலகப் போருக்காகப் பிரிட்டன் படையில் சேர்ந்திருந்தார். 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்ஸில் நடந்த அராஸ் போரில் இறந்தார். இந்தக் கவிதைதான் அவரைப் போருக்கு அனுப்பியது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது, பின்னால் காரணம் கற்பிக்கும் அதே வேலையாகத் தெரிகிறது.

தலைப்புக்கு 'பயணிக்கப்படாத பாதை' வேண்டாம். எவருமே போகாத பாதை என்று ஆகிவிடும். இது அவன் எடுக்காமல் விட்ட வழி. அதில் மற்றவர்கள் போயிருக்கிறார்கள். 10ஆம் வரியே சாட்சி. 'நான் போகாத வழி' என்று வைத்துப் பாருங்கள்.