எந்த வகுப்பில் எதை வைப்பது? – சமூக அறிவியல் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பள்ளியில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான சமூக அறிவியல் திட்டத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பை எங்கள் மூவரிடம் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான வரிசையில்தான் போட்டோம்: முதல் வகுப்பில் குடும்பம், இரண்டில் அக்கம்பக்கம், மூன்றில் ஊர், நான்கில் வட்டாரம், ஐந்தில் நாடு, ஆறு முதல் எட்டு வரை உலகமும் வரலாறும். எழுதி முடித்தபிறகு மூவருக்குமே திருப்தி இல்லை. உள்ளாட்சி என்ற பாடம் நான்கிலும் ஆறிலும் எட்டிலும் வருகிறது, மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே விஷயம். பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். அதேசமயம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைபடத்தைப் பார்த்துத் தூரம் கணக்கிடத் தெரியவில்லை. 'அருகிலிருந்து தொலைவுக்கு' என்ற முறையே தப்பா? ஒரு பாடம் எந்த வகுப்புக்கு என்பதை எதை வைத்து முடிவெடுப்பது? வரலாற்றை ஐந்தில் தொடங்கலாமா, ஆறிலா? இன்னொன்று, எந்த ஆண்டும் பாடம் முடிவதே இல்லை. கடைசி மாதத்தில் ஓடுகிறோம்.

அன்புடன்,
ஜெ.

அன்புள்ள ஜெ.,

நீங்கள் போட்ட வரிசையில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. அதில் தலைப்புகள் மட்டுமே இருக்கின்றன என்பதுதான் சிக்கல். 'உள்ளாட்சி' என்று மூன்று வகுப்புக்கும் எழுதிக் கொடுத்தால், பாடம் எழுதுகிறவர் மூன்று முறையும் உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம், பணிகள் என்றுதான் எழுதுவார். அவர்மேல் குற்றமில்லை. அந்த வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் மூன்றும் மூன்று பாடமாகியிருக்கும். உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் 'அருகிலிருந்து தொலைவுக்கு'. வட்டம் வட்டமாக விரியும் இந்த முறையை அமெரிக்காவில் வலுவாக நிலைநிறுத்தியவர்களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பால் ஹன்னா முக்கியமானவர். பல நாட்டுப் பாடநூல்களில் இன்றும் அதன் சாயல் உண்டு. திட்டம் எழுதுகிறவருக்கு வசதியான முறை, எதையும் விட்டுவிட்டோமோ என்ற பயம் வராது. ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரிந்ததையே ஓராண்டு திருப்பிச் சொல்கிறோம். புதிதாகக் கற்க அதில் ஒன்றுமில்லை. இரண்டு, கிலோமீட்டரில் அருகே இருப்பதெல்லாம் மனதுக்கும் அருகே இருப்பதில்லை.

இரண்டாவதற்கு நல்ல சான்று, சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜேயும் ஆன்-மரீ வெயிலும் 1951-இல் வெளியிட்ட ஆய்வு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிள்ளைகளிடம் ஜெனீவாவையும் சுவிட்சர்லாந்தையும் வட்டங்களாக வரையச் சொன்னார்கள். சுமார் ஏழெட்டு வயது வரை பல பிள்ளைகள் இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். அடுத்த கட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்றைச் சரியாகவே வரைந்தார்கள். ஆனால் 'நீ சுவிஸ்காரனா?' என்று கேட்டால், 'நான்தான் ஜெனீவாக்காரன் ஆயிற்றே, இரண்டாகவும் எப்படி இருக்க முடியும்?' என்ற தொனியில் பதில் வந்தது. பத்துப் பதினொரு வயதில்தான் இரண்டும் பொருந்தியது. இந்த வயதுக் கணக்கைக் கல்லில் செதுக்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல கற்பித்தல் அதை முன்னே தள்ளும். ஆனாலும் 'நம் ஊர் வட்டாரத்தில், வட்டாரம் நாட்டில்' என்பதை இரண்டாம் வகுப்பில் மனப்பாடமாக ஏற்றுவதில் பயனில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிகளை அடுக்கிக் காட்டும் வேலையை நான்கில் வையுங்கள். 'ஒரே ஆள் இரண்டு இடத்துக்கும் உரியவர்' என்பதை ஐந்தில் வையுங்கள். வெகு தொலைவில் பாலைவனத்தில் வாழும் ஒரு குடும்பம் தண்ணீர் கொண்டுவரும் கதையை இரண்டாம் வகுப்பிலேயே தாராளமாக வைக்கலாம். கேட்கிற பிள்ளைக்கு அதில் புரியாதது ஒன்றுமிருக்காது.

திரும்பத் திரும்ப வருவது பற்றி. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இல் முன்வைத்த சுருள் முறை, ஒரே கருத்துக்குப் பிள்ளை மறுபடி மறுபடி வரவேண்டும், வரும்போதெல்லாம் ஒரு படி மேலே நிற்கவேண்டும் என்கிறது. சுருள் முறை என்ற பெயரில் நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது அரைத்த மாவை அரைப்பது. வித்தியாசத்தை உங்கள் உள்ளாட்சிப் பாடத்திலேயே பார்க்கலாம்.

நான்காம் வகுப்பில் வேலை, கண்டுபிடிப்பது. தெருக்குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது, விளக்கு எரியாவிட்டால் யாரிடம்? பிள்ளை கடைசியில் ஒரு பக்க முறையீட்டுக் கடிதமும், குழாய் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு வரைபடமும் தரவேண்டும். புதிய கருத்துகள் பொதுச்சொத்து, பொறுப்பு என்ற இரண்டு போதும். பதவிக்காலமெல்லாம் இங்கே வேண்டாம்.

ஆறில் வேலை, தேர்ந்தெடுப்பது. ஒன்பது பேர் கொண்ட மன்றமாகப் பிரித்து, கையில் 100 அலகு பணம் கொடுங்கள். கோரிக்கைகள் ஐந்து: பாலம் 60, குடிநீர்த் தொட்டி 40, நூலகம் 25, தெருவிளக்கு 20, விளையாட்டுத் திடல் 15. கூட்டினால் 160. முதல் சுற்றில் பெரும்பாலான குழுக்கள் சண்டை வேண்டாமென்று கோரிக்கைக்கு 20 என்று பிரிக்கும். அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு, 60 கேட்ட பாலத்துக்கு 20 கொடுத்தால் ஆற்றில் என்ன நிற்கும் என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு பாலத்தில் யாரும் அக்கரைக்குப் போகமுடியாது. முன்னுரிமை, பெரும்பான்மை, தோற்ற தரப்புக்கு என்ன பதில் என்ற மூன்றும் அங்கிருந்துதான் முளைக்கும். இதற்கு மூன்று பாடவேளை கொடுங்கள். ஒரே பாடவேளையில் முடிக்கப் பார்த்தால் வாக்கெடுப்போடு நின்றுவிடும், அதற்கப்புறம் வரவேண்டிய விவாதத்தில்தான் பாடமே இருக்கிறது.

எட்டில் வேலை, சோதிப்பது. மன்றம் எடுத்த முடிவு தப்பென்றால் யார் தடுக்கலாம்? சொந்தமாக வரி வசூலிக்கும் உள்ளாட்சிக்கும், மேலிருந்து வரும் நிதியை மட்டும் நம்பும் உள்ளாட்சிக்கும் முடிவெடுப்பதில் என்ன வேறுபாடு? தணிக்கை எதற்கு? இரண்டு அமைப்புகளை ஒப்பிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதச் சொல்லலாம். தலைப்பு ஒன்றே, ஆனால் ஆறாம் வகுப்பு வேலையைச் செய்யாத பிள்ளையால் எட்டாம் வகுப்பு வேலையைச் செய்ய முடியாது. இந்தச் சார்பு இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்வகுப்பில் படிக்காவிட்டாலும் மேல்வகுப்பில் எதுவும் குறையாது என்றால், இரண்டில் ஒன்றை அடித்துவிடலாம்.

இனி, உட்கார்ந்து எழுதும் முறை. பெரிய தாளில் ஒரு கட்டம் போடுங்கள். இடம், காலம், ஆட்சி, பொருளாதாரம், சேர்ந்து வாழ்தல் என்று ஐந்து இழைகள் கிடையாக. எட்டு வகுப்புகள் நெடுக்காக. மொத்தம் 40 கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, அதிகம் போனால் நான்கு புதிய கருத்துச் சொற்கள், ஒரு திறன், பிள்ளை செய்துகாட்ட வேண்டிய ஒரு வேலை. இதற்குமேல் எழுத இடம் வராதபடி கட்டத்தைச் சின்னதாகவே போடுங்கள். நிரப்புவதை எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். நோக்கம் என்ன என்று கேட்காமல் பாடப்பொருளுக்குப் போகக்கூடாது என்பது அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இலேயே வகுத்துத் தந்த ஒழுங்கு. முதல் வகுப்பிலிருந்து தொடங்கினால் ஆசையில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஆறில் வந்து மூச்சுத் திணறுவோம்.

முக்கியமான இன்னொன்று: மூவரும் வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். ஒருவர் 1–3, இன்னொருவர் 4–6 என்று பிரித்தால் முந்தையவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. உங்கள் உள்ளாட்சி மூன்று முறை வந்தது அநேகமாக இப்படித்தான். இழைகளைப் பங்கு போடுங்கள். ஒருவர் ஆட்சி இழையை ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதட்டும். முடிந்ததும் தாளை மாற்றிக்கொண்டு, மற்றவருடைய இழையில் எந்தக் கட்டம் முந்தையதற்குப் புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்று குறியுங்கள்.

வரைபடம் பற்றி நீங்கள் வருத்தப்பட்டதால் இட இழையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். முதல் வகுப்பில் மேசைமேல் இருக்கும் பொருளை நேர் மேலிருந்து பார்த்து வரைவது. குவளை வட்டமாகத் தெரியும் என்பதே பெரிய கண்டுபிடிப்பு. இரண்டில் வகுப்பறையைக் காலடியால் அளந்து, குறியீடு வைத்து வரைவது. மூன்றில் கட்டக்கோடுகளும் திசைகளும். வரைபடத்தை எப்போதும் சுவரிலேயே மாட்டிவைத்தால் வடக்கு என்பது 'மேலே' ஆகிவிடும், தரையில் விரித்துத் திசைக்குத் திருப்பிவைக்க வேண்டும். நான்கில் சுருக்கி வரைதல்: 8 மீட்டருக்கு 6 மீட்டர் அறை, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்று எடுத்தால் தாளில் 16-க்கு 12 சென்டிமீட்டர். ஐந்தில் கோட்டு அளவுகோலைக் கொண்டு, வளைந்த சாலையை நூல் வைத்து அளப்பது. ஆறில் 1:50,000 போன்ற எண் அளவை, அதாவது தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். ஏழில் சமஉயரக் கோடுகள், பிறகு தீர்க்கரேகையும் நேரமும், 15 பாகைக்கு ஒரு மணி. எட்டில் வரைபடத்தையே சந்தேகப்படுவது. மெர்கேட்டர் முறையில் வரைந்த உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு. ஏன் அப்படி, அதை ஏன் கப்பலோட்டிகள் விரும்பினார்கள்?

இப்போது உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் தூரம் வரவில்லை என்று பாருங்கள். இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். விகிதம் கணக்குப் பாடத்தில் வருமுன்பே எண் அளவையைச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அல்லது ஒரு பாடவேளையில் வரையறையாகச் சொல்லிவிட்டு, அதன்பிறகு எந்த வகுப்பிலும் அதைப் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். எனவே கட்டத்தை இறுதியாக்கும் முன் கணக்குப் பாடத்திட்டத்தை அருகில் வைத்து நான்கு இடங்களை ஒத்துப்பாருங்கள்: அளவைக்கு விகிதம், தீர்க்கரேகைக்குக் கோணம், மக்கள்தொகைக்குச் சதவீதம், கி.மு. ஆண்டுகளுக்கு எதிர்ம எண். கடைசியில் ஒரு பொறி இருக்கிறது. எண்கோட்டில் பூஜ்யம் உண்டு, ஆண்டுக் கணக்கில் கிடையாது; கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 27-இல் 'அகஸ்டஸ்' என்ற பட்டம் பெற்று கி.பி. 14-இல் இறந்தார். இடையில் எத்தனை ஆண்டு? கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை 41 ஆண்டு என்று சொல்லும், சரியான விடை 40.

வரலாற்றுக்கு வருவோம். காலத்தைப் பற்றிய வேலை முதல் வகுப்பிலேயே தொடங்கவேண்டும், முன்பு, பிறகு, தாத்தா காலம் என்ற அளவில். வரிசையான வரலாறு ஆறில் தொடங்கினால் போதும். ஐந்தில் ஒரே பொருளைக் காலம் முழுக்கத் தொடர்ந்து பாருங்கள், எழுத்து அல்லது சக்கரம் மாதிரி. அந்த ஆண்டே பத்தாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று நீளக் காகிதத்தில் காலக்கோடு ஒட்டுங்கள். 5,000 ஆண்டுக்கு 5 மீட்டர் வரும். பிள்ளையின் வாழ்நாள் ஒரு சென்டிமீட்டர். ஆறு, ஏழு, எட்டு மூன்று ஆண்டும் அதே காகிதம் இருக்கட்டும், புதிய பாடமெல்லாம் அதில் ஏறட்டும். உங்களுக்கும் அது உதவும். எந்தப் பகுதிக்கு எத்தனை பாடவேளை கொடுத்தீர்கள் என்று கீழே பென்சிலால் குறித்தால் திட்டம் எங்கே வீங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கால வரிசையில் ஒரு குறை உண்டு. மிகப் பழையது எப்போதும் சின்னப் பிள்ளைகளுக்கே போய்ச்சேரும். பண்டைய உலகத்தைப் பதினோரு வயது மூளையோடு ஒருமுறை பார்த்ததோடு சரி. அதனால் எட்டில் ஓர் அலகை மட்டும் பின்னோக்கி வையுங்கள், ஆறில் படித்த ஒரு பேரரசை 'இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியோடு. வரலாற்றுக் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாசிரியர்களையும் பள்ளி மாணவர்களையும் ஒரே ஆவணங்களைப் படிக்கவைத்தார். வரலாற்றாசிரியர்கள் யார் எழுதியது, எப்போது என்பதை முதலில் பார்த்தார்கள். மாணவர்கள் நேரே முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு பழக்கத்தை எட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாலே காலம் என்ற இழை தேறிவிடும்.

பாடம் முடியாததற்குக் காரணம் வேகக்குறைவு இல்லை, கூட்டல் கழித்தல்தான். 36 வாரம், வாரத்துக்கு 4 பாடவேளை என்றால் 144. தேர்வு, விழா, எதிர்பாராத விடுமுறைக்கு ஐந்தில் ஒரு பங்கு போனால் சுமார் 115. ஓர் அலகுக்கு 12 பாடவேளை வேண்டும்: என்ன தெரியும் என்று பார்க்க ஒன்று, கற்பிக்க ஏழு, செய்துகாட்டும் வேலைக்கு இரண்டு, சோதனைக்கு ஒன்று, தவறவிட்டவர்களுக்கு மறுபடி ஒன்று. ஆக ஒன்பது அலகுதான் கொள்ளும், மிச்சம் ஏழு பாடவேளையை நிரப்பாமல் விடுங்கள். நூலில் 24 பாடம் இருந்தால் ஒன்பதை ஆழமாக எடுங்கள், சிலவற்றைப் பிள்ளைகளே படித்துவர விடுங்கள், மீதியை மனச்சாட்சியோடு விட்டுவிடுங்கள். நூலில் இருக்கும் வரலாறு, புவியியல், குடிமையியல் என்ற வரிசையிலேயே போகவேண்டாம். போனால் ஓடும் மாதத்தில் மாட்டிக்கொள்வது எப்போதும் குடிமையியலாகவே இருக்கும்.

கடைசியாக வினாத்தாள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் திட்டம் குப்புற விழுவது இங்கேதான். 'உள்ளாட்சியின் பணிகள் ஐந்தினை எழுதுக' என்று கேட்டால், பாலத்துக்கு மூன்று பாடவேளை செலவழிக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. பாதி மதிப்பெண்ணாவது பாடநூலில் இல்லாத ஒன்றின்மேல் இருக்கட்டும்: பார்த்திராத வரைபடம், பார்த்திராத ஆவணம், புதிதாக ஒரு வரவுசெலவுப் பட்டியல். எட்டு வகுப்புக்கும் இப்படி ஒவ்வொரு மாதிரி வினாத்தாளை ஆண்டு தொடங்குமுன்பே எழுதி, கட்டத்தோடு சேர்த்து எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.