வைக்கோல் எரிக்கும்போது மணல் படுகை கட்டிபிடிப்பது பற்றி

நண்பரே, கீழிருந்து காற்று ஊதிச் சூடான மணலைக் கொதிக்கும் நீர்போலக் குமிழவிட்டு எரிபொருளை எரிக்கும் உங்கள் கொதிகலனில், வைக்கோல் போட்டு 3 மணி நேரத்திலேயே படுகை மணல் கட்டிதட்டி, படுகையின் அடிக்கும் மேலுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு சட்டென்று இறங்கிவிடுகிறது, நிதி கொடுத்தவர்களுக்கு இடைக்கால அறிக்கை வேறு தர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஊதுவிசிறியைச் சந்தேகப்படாதீர்கள். ஒரு கட்டியை உடைத்து லென்ஸில் பாருங்கள், மணல் துகள்களுக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பசை தெரிந்தால் அதுதான் வில்லன். வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மணலின் சிலிக்காவோடு சேர்ந்து 800 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும், அதனால் சராசரி வெப்பநிலை சரியாக இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் சூடு ஏறினால் போதும், ஒட்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கலந்து பாருங்கள். அது பொட்டாசியத்தைப் பிடித்து, 1500 டிகிரிக்கு மேல்தான் உருகும் சேர்மமாக மாற்றிவிடும். அப்புறம், வைக்கோலைத் தண்ணீரில் அலசி உலர்த்தினாலே பொட்டாசியமும் குளோரினும் பெருமளவு போய்விடும். கொதிகலன் குழாய் அரிப்பும் குறையும், ஆனால் உலர்த்தச் செலவாகும் வெப்பத்தையும் கணக்கில் காட்ட வேண்டும். முடிந்தால், சிலிக்காவே ஆன குவார்ட்ஸ் மணலுக்குப் பதில், தனிச் சிலிக்கா இல்லாத ஆலிவின் என்ற கனிம மணலைப் போடுங்கள்.

அறிக்கையில் இந்தத் தோல்வியை மறைக்க வேண்டாம். எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரத்தில் கட்டிதட்டியது என்ற வரைபடம்தான் கொதிகலன் வடிவமைப்பவருக்கு உண்மையில் தேவை.