வெல்டிங் டெஸ்ட் தாளில் ‘பேக் பர்ஜ்’

தக்கலைத் தம்பிக்கு, வளைகுடா வேலைக்கான வெல்டிங் டெஸ்ட் தாளில் ‘பேக் பர்ஜ்’ என்று இருக்கிறது, அகராதியிலோ பேதி, களையெடுப்பு என்று போட்டிருக்கிறதே எனக் கேட்டிருந்தீர்கள். அகராதி சொல்வது சரிதான். விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவுவதும் பர்ஜ், 1936-38இல் ஸ்டாலின் கட்சிக்காரர்களையே ஒழித்துக்கட்டியதும் பர்ஜ், கம்ப்யூட்டரில் பழைய தரவை அடியோடு அழிப்பதும் பர்ஜ்.

உங்கள் வேலையில் வெல்டின் பின்பக்கத்திலிருந்து, அதாவது பைப்பின் உள்ளிருந்து, வெளியேற வேண்டியது காற்று. ஸ்டெயின்லெஸ் பைப்பின் இரு முனையையும் அடைத்து, உள்ளே ஆர்கான் வாயுவை விட வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. அதனால் கீழே விட்டு, மேலே ஒரு சின்னத் துளை வழியாகக் காற்றைப் போகவிடுங்கள். காற்று போகுமுன் அவசரப்பட்டு ஆர்க் அடித்து வெல்டிங்கைத் தொடங்கினால், ரூட்டின் (இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்டின்) உள்பக்கம் கறுத்து, சர்க்கரை ஒட்டியதுபோல் பொரிந்துவிடும். டெஸ்டில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரூட் முடிந்ததும் ஆர்கானை நிறுத்திவிடாதீர்கள், அதன்மேல் வெல்ட் போடும் அடுத்த பாஸிலும் ஓடட்டும்.

அப்புறம், பெரிய பைப் என்றால் உள்ளே தலையை விட்டு மட்டும் பார்க்காதீர்கள். ஆர்கானுக்கு வாசனை கிடையாது, மூச்சடைப்பது தெரியுமுன்பே நினைவு போய்விடும்.